'கன்சீட்': ஒப்புக்கொள்வதா, வழிவிடுவதா?

மலேசியாவில் பினாங்குத் தீவின் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் நான் மாலை வகுப்பு எடுக்கும் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி, ஆங்கிலக் கட்டுரையில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். மோட்டார் சைக்கிளைத் திருடியதைத் திருடன் போலீசாரிடம் ஒப்புக்கொண்டான் என்று பொருள். 'ஒப்புக்கொண்டான்' என்ற இடத்தில் அவள் போட்டிருந்த வினை 'கன்சீட்' (concede). சிவப்பு மையால் வட்டமிட்டேன். "அகராதியில் 'ஒப்புக்கொள்' என்றுதானே டீச்சர் போட்டிருக்கிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அகராதி பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது.

குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் 'கன்ஃபெஸ்' இருக்கிறது. தவற்றையோ உண்மையையோ ஒப்புக்கொள்ள 'அட்மிட்' இருக்கிறது. இவ்விரண்டுக்கும் எதிராளி தேவையில்லை. தனியாக உட்கார்ந்துகூட ஒருவர் தம் தவற்றை ஒப்புக்கொள்ளலாம். 'கன்சீட்' அப்படியன்று. அதற்கு முன்னால் ஒரு வாதமோ போட்டியோ பேரமோ நடந்திருக்க வேண்டும். அதுவரை பிடித்துக்கொண்டிருந்த இடத்தை, மனமில்லாவிட்டாலும், எதிரே நிற்பவருக்கு விட வேண்டும். வாதத்தில் ஒரு கருத்தை எதிர்த்தரப்புக்கு விடலாம், தேர்தலில் வெற்றியை விடலாம், பேச்சுவார்த்தையில் உரிமையையோ நிலத்தையோ விடலாம்.

அந்த 'விடுதல்' சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. லத்தீனில் 'கேடெரே' என்றால் போ, நகர், இடம் விடு. முன்னே ஒட்டிய 'கன்' இங்கே 'முழுவதுமாக' என்று அழுத்தம் கொடுக்கிறது. தொடர்ந்து செல்லும் 'பிரொசீட்', எல்லை மீறிச் செல்லும் 'எக்சீட்', முன்னே செல்லும் 'பிரிசீட்' எல்லாம் இந்த வயிற்றில் பிறந்தவையே. பிரான்சில் சாலைச் சந்திப்புகளில் நிற்கும் பலகை 'செடே லு பாசாஜ்' என்கிறது. நம் ஊரில் தலைகீழ் முக்கோணத்தில் 'பெரி லாலுவான்' என்று எழுதியிருக்கிறதே, அதே பலகைதான். வழி விடு. மாணவியிடம் அந்தப் பலகையைத்தான் நினைத்துக்கொள்ளச் சொன்னேன். சந்திப்பில் காரை நிறுத்தி மற்றவரைப் போகவிடுகிறோம். அவர்மேல் அன்பு வந்து நிறுத்தவில்லை, முறை அவருடையது என்பதால் நிறுத்துகிறோம்.

தமிழ்ச் சொல்லோ எதிர்த் திசையில் நடக்கிறது. 'ஒப்பு' என்றால் நிகர், பொருத்தம். ஒப்புக்கொள்பவர் அடுத்தவர் சொல்லோடு தம்மைப் பொருத்திக்கொள்கிறார், நெருங்கி வருகிறார். 'கன்சீட்' செய்பவர் ஓரடி பின்னே நகர்கிறார். ஆகவே வெறும் 'ஒப்புக்கொண்டார்' என்று பெயர்த்தால் பின்னடைவின் வலி காணாமல் போய்விடும்.

'விட்டுக்கொடு' என்பது 'கன்சீட்'டுக்குப் பொருளில் நெருங்கி வரும் சொல். நிலம், உரிமை, கோரிக்கை ஆகியவற்றுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் தமிழில் விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுப்பான். அதனால்தான் ஆங்கில 'கன்சீட்'டைப் பெயர்த்துக் காற்பந்துச் செய்தியில் ஓர் அணி 'இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்தது' என்று படிக்கும்போது, கோல்காவலர் தயவு காட்டியதுபோல் தோன்றுகிறது. 'இரண்டு கோல் வாங்கியது' என்று திடலோரம் நிற்பவர்கள் சொல்வதே சரியான தமிழ். அடி வாங்குவதுபோல் கோலும் வாங்கப்படுகிறது. ஆளைச் சேர்த்தால் பொருள் இன்னும் விலகும்: 'நண்பனை விட்டுக்கொடுக்காமல் பேசினான்' என்பதில் விட்டுக்கொடுப்பது கைவிடுவதாகிவிடுகிறது.

இதன் பெயர்ச்சொல்லான 'கன்செஷன்' இன்னும் வம்பு. மாணவர் கட்டணத்தில் அது சலுகை, சரி. நெடுஞ்சாலையை நடத்தி டோல் வசூலிக்க அரசு ஒரு நிறுவனத்துக்குத் தரும் உரிமைக்கும் மலாயில் 'கொன்செசி' என்றுதான் பெயர். அதையும் 'சலுகை நிறுவனம்' என்று எழுதினால், டோல் கட்டுகிறவருக்கு என்ன சலுகை கிடைத்தது என்று வாசகர் கேட்பாரா மாட்டாரா? 'நடத்துரிமை பெற்ற நிறுவனம்' என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது.

பினாங்கில் இருந்துகொண்டு 'சீட்' (cede) என்ற மூலவினையைச் சொல்லாமல் போக முடியாது. 1786 ஆகஸ்ட் 11 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். தீவைத் திரும்பப் பிடிக்க முயன்று கெடா சுல்தான் தோற்றபின், 1791 ஒப்பந்தப்படி அவருக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று முடிவானது. 1800இல் எதிர்க்கரையும், அதாவது நான் பாடம் நடத்தும் இந்த நிலமும் சேர்ந்துகொள்ள, தொகை 10,000 ஆனது. நம் முன்னோர் கடாரம் என்று சொன்ன கெடாவுக்கு மலேசிய அரசிடமிருந்து இன்றும் ஆண்டுதோறும் பணம் போகிறது. நிலம் கையளிக்கப்பட்டதா, குத்தகைக்கு விடப்பட்டதா என்ற வழக்கு இன்னும் பேச்சில் ஓயவில்லை. கையளித்தலுக்கு ஆங்கிலத்தில் 'சீட்', குத்தகைக்கு 'லீஸ்'. எந்த வினை என்பதில் ஒரு மாநிலமே தொங்குகிறது.

தேர்தலில் 'தோல்வியை ஒப்புக்கொண்டார்' என்பது நிலைத்துவிட்ட தொடர், மாற்ற வேண்டியதில்லை. எங்கே அது பொருந்தாது என்பதையும் பார்க்க வேண்டும். 2018 மே 9 தேர்தலுக்கு மறுநாள், அன்றைய பிரதமர் நஜிப் மக்களின் தீர்ப்பை ஏற்பதாகச் சொன்னார். கூடவே எந்தத் தனிக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை, மாமன்னர் முடிவு செய்வார் என்றும் சொன்னார். அது 'அக்செப்ட்'. 'கன்சீட்' என்றால் வென்றவர் இன்னார் என்பதும் அதில் அடங்கியிருக்கும்.

வாதத்தில் வரும் 'கன்சீட்'டுக்கு நம்மிடம் மிகப் பழைய பெயரே இருக்கிறது. நன்னூல் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளைச் சொல்லும்போது, உடன்படலுக்கும் மறுத்தலுக்கும் அடுத்து 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவே' என்கிறது. பிறர் கொள்கைக்கு முதலில் உடன்பட்டுப் பின் அதை விலக்குவது. கட்டுரைப் பாடத்தில் 'கன்சீட்' செய்துவிட்டு எதிர்வாதம் எழுதச் சொல்கிறோமே, பவணந்தி முனிவர் அதைத்தான் ஒரே தொடரில் அடக்கியிருக்கிறார். இதை முதலில் கவனித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமன்று.

அன்றாடத் தமிழில் இந்த வேலையைச் செய்வது ஒரு முழு வினைகூட இல்லை, 'தான்' என்ற இடைச்சொல். 'உண்மைதான், ஆனால்', 'சரிதான், இருந்தாலும்' என்று தொடங்கும்போதே ஓரடி பின்வாங்கிவிடுகிறோம். எனவே மொழிபெயர்ப்பவர்கள் 'ஒப்புக்கொண்டார்' என்பதற்கு முன்னால் ஒரு 'தான்' சேர்த்துப் பார்க்கலாம்.

மாணவி திருடனை 'கன்ஃபெஸ்' செய்ய விட்டுவிட்டு, 'கன்சீட்'டுக்குத் தன் வீட்டிலிருந்தே புதிய வாக்கியம் எழுதி வந்தாள். தமிழிலும் கீழே எழுதியிருந்தாள்: "அம்மா சொன்னது சரிதான் என்று அண்ணன் ஒப்புக்கொண்டான், ஆனால் மோட்டார் சைக்கிளை விற்க மட்டும் இணங்கவில்லை."