பெருங்காய டப்பாவும் மோப்ப நாயும்

"மோப்ப நாய்களை நிஜ வெடிமருந்தை வைத்தா பழக்குகிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், பெரும்பாலும் நிஜத்தை வைத்துத்தான். அதற்கு உரிமம் வேண்டும், காவல் வேண்டும், கொண்டுபோவதிலும் ஆபத்து. நாலைந்து வகைகளைச் சேர்த்து வைத்தால் வாசனைகள் கலந்து நாய் குழம்பிவிடும். அதனால்தான் மாற்றுப் பொருளைத் தேடுகிறார்கள்.

நாய்க்குத் தேவை வாசனை மட்டும்தானே. அந்த வாசனையும் நாம் நினைக்கிற பொருளுடையதாக இருப்பதில்லை. டிஎன்டி என்ற வெடிமருந்து சாதாரண வெப்பத்தில் மிகக் கொஞ்சம்தான் ஆவியாகும். அதில் மிச்சமாக ஒட்டியிருக்கும் டைநைட்ரோடொலுயீன் என்ற வேதிப்பொருள் சுலபமாக ஆவியாவதால், நாயின் மூக்குக்கு முதலில் எட்டுவது அதுதான்.

சரி, அந்த ஆவியை எதில் பிடித்து வைப்பது? பெருங்காயம் தீர்ந்த பிறகும் பிளாஸ்டிக் டப்பா மாதக்கணக்கில் மணக்கிறதே, அதே வித்தைதான். அமெரிக்காவின் தர அளவீட்டு ஆய்வகமான நிஸ்ட் இதற்கு எடுத்துக்கொண்டது ஜெல்லி போன்ற ஒரு சிலிகோன். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலிகள் அதில் இருக்கின்றன. அவை விறைத்து நிற்காமல் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கும். நெளியும்போது திறக்கிற சிறு இடைவெளிகளில் ஆவி மூலக்கூறுகள் நுழைந்து, தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல உள்ளே கரைந்துவிடுகின்றன. வேதிப்பிணைப்பு எதுவும் இல்லை. அதனால் ஜெல்லியை வெளியே வைத்ததும், வந்த வழியே ஒவ்வொன்றாக நழுவிக் காற்றில் சேரும். மணம் இருக்கும், வெடிக்க ஒன்றும் இருக்காது. எனக்கு இதில் சலிக்காத அழகு அதுதான்.

இது நாய்க்குச் சரிப்படுகிறதா என்று எப்படித் தெரியும்? ஜெல்லியில் பழகிய நாயை, நிஜ வெடிமருந்தை ஒளித்து வைத்த இடத்தில் விட வேண்டும். ஒளித்த இடம் கூடப் போகிறவருக்கும் தெரியக் கூடாது, ஏனென்றால் நாய் அவர் முகத்தையும் நடையையும் படித்துவிடும்.

இந்தச் சோதனையைக் கேட்காமல்தான் ஈராக் அரசு வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட ஏடிஇ 651 என்ற கருவிக்குக் கோடிகோடியாகக் கொட்டியது. அது கைப்பிடியில் ஆடும் ஒரு கம்பி, அவ்வளவுதான். நம் ஊரில் நீரோட்டம் பார்க்கிற குச்சியைப் போலவே, பிடித்தவர் கை அறியாமல் அசைவதில் அது திரும்பும். அதை நம்பிச் சோதனைச்சாவடிகளில் வண்டிகளை விட்டார்கள், மக்கள் செத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு துளி வாசனை ஆராய்ச்சிக்குப் போயிருக்கலாம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்தக் கருவியை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.