குதிகால் கீழே இறங்கட்டும்

என் பிசியோதெரபி கிளினிக்குக்கு மேல் மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூரை வழியாக வரும் சத்தத்தை வைத்தே அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ‘டங், டங், டங்’ என்று நொடிக்கு ஒன்றாக, மூச்சு விடாமல் முப்பது நாற்பது தடவை கேட்டால் யாரோ கெண்டைக்கால் அடிக்கிறார்கள், அதாவது எடையோடு நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மேலே ஏறிப் போய் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றும். போனதில்லை. அவர்களில் சிலர் எப்படியும் கீழே வருவார்கள்.

போன மாதம் அப்படி வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் இடது குதிகாலுக்கு மேலே வலி, பத்தடி நடந்தால் குறைந்துவிடுகிறது என்றார். அதைவிடப் பெரிய குறை ஒன்றும் கூடவே இருந்தது. “ரெண்டு வருஷமா அடிக்கிறேன் சார், காலு குச்சியாவே இருக்கு. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். பரம்பரையா சார்?” எவ்வளவு எடையில் செய்கிறீர்கள் என்று கேட்டேன். நூறு கிலோ என்றார். குரலில் கொஞ்சம் பெருமை.

வாசலில் என் கிளினிக்குக்கு இரண்டு சிமெண்ட் படி உண்டு. செருப்பைக் கழற்றச் சொல்லி, வலி இல்லாத காலை மட்டும் மேல் படியின் விளிம்பில் வைக்கச் சொன்னேன். முன்பாதம் படியில், குதிகால் அந்தரத்தில், ஒரு கை சுவரில். எடை எதுவும் கிடையாது. மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்க வேண்டும், குதிகால் இனிமேல் இறங்காது என்கிற இடம் வரை. அங்கே இரண்டு எண்ணிக்கை சும்மா நிற்க வேண்டும். பிறகு பெருவிரலை அழுத்தி முழு உயரத்துக்கு ஏறி, உச்சியில் ஒரு எண்ணிக்கை. முதல் நான்கு தடவை சிரித்துக்கொண்டே செய்தார். ஏழாவதில் கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. பத்தாவது வரவில்லை. நூறு கிலோ தூக்குகிறவருக்குத் தன் உடம்பை ஒற்றைக் காலில் பத்து முறை தூக்க முடியவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருப்பது அகிலிஸ் தசைநாண். நம் ஊரில் எல்லாமே ‘நரம்பு’தான், இதையும் குதிகால் நரம்பு என்றுதான் சொல்வார்கள். உடம்பிலேயே தடிமனான, உறுதியான தசைநாண் இது. இதன் குணம் ஸ்பிரிங் குணம். இழுத்துவிட்டால் தானாகத் திரும்பும். நாம் நடக்கவும் ஓடவும் களைப்பில்லாமல் முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சதையைப் பெருக்க வந்த இடத்தில் அதே குணம் நம்மை ஏமாற்றிவிடும். வேகமாகக் குதிக்கும்போது எடையில் பெரும் பங்கை இந்த ஸ்பிரிங்கே எறிந்து எறிந்து பிடிக்கிறது. சதை ஒப்புக்குச் சுருங்குகிறது. அந்த மாணவருக்கு இரண்டு வருடம் உழைத்தது தசைநாண். வலித்ததும் அதுதான். கீழே நிற்கும் அந்த இரண்டு எண்ணிக்கையில் ஸ்பிரிங்கின் வேகம் அடங்கிவிடும். அதற்குப் பிறகு மேலே ஏறச் சதை இழுத்தால்தான் உண்டு.

சரி, எந்தச் சதை? கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு. வெளியே தெரிகிற, கண்ணாடியில் எல்லோரும் பார்க்கிற இரட்டைப் புடைப்பு காஸ்ட்ராக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் அடியில் தொடங்குகிறது. அதற்கு அடியில் பட்டையாகப் படுத்திருப்பது சோலியஸ். அது முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து ஒரே தசைநாணாகிக் குதிகாலில் முடிகின்றன. இந்த விவரம் எதற்கு என்றால், முழங்காலை மடக்கி உட்கார்ந்ததும் மேல் சதை தொய்ந்துவிடும். அப்போது வேலை பெரும்பாலும் சோலியஸுக்குத்தான். நிற்கும்போது இரண்டுக்கும் வேலை உண்டு. 2023இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், ஒரே ஆட்களின் ஒரு காலுக்கு நின்றும் மறு காலுக்கு உட்கார்ந்தும் 12 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நின்று செய்த காலில் மேல் சதை நன்றாக வளர்ந்திருந்தது, உட்கார்ந்து செய்ததில் அது ஏறக்குறைய அப்படியே இருந்தது. சோலியஸ் இரண்டிலும் சம அளவில்தான் கூடியது. ஆக, நேரம் குறைவு, ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் முழங்காலை நேராக வைத்து, நின்று செய்யுங்கள். ஜிம்மில் உட்கார்ந்து செய்யும் மெஷின் முன்னால் இருக்கும் வரிசையைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அதே ஆண்டில் பிரேசிலிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு என் வேலையையே கொஞ்சம் மாற்றியது. காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் இதே கெண்டைக்கால் பயிற்சியைச் சிலர் முழுத் தூரமும், சிலர் கீழ்ப் பாதி மட்டும், சிலர் மேல் பாதி மட்டும் செய்தார்கள். கீழ்ப் பாதி, அதாவது சதை நீண்டிருக்கும் பகுதியில் மட்டும் செய்தவர்களுக்கே மேல் சதை அதிகம் வளர்ந்தது. நம் ஆட்கள் செய்வது இதற்கு நேர் எதிர். எடையைக் கூட்டக் கூட்டக் குதிகால் கீழே இறங்குவது குறைந்துகொண்டே போய், கடைசியில் நுனிக்காலில் நின்று தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடிக்கொண்டிருப்பார்கள். குதிகால் இறங்காத எடை உங்களுக்கு அதிகமான எடை. அவ்வளவுதான் கணக்கு.

பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் உட்பக்கப் புடைப்பும், உட்பக்கம் திருப்பினால் வெளிப்பக்கப் புடைப்பும் சற்று கூடுதலாக வளரும் என்பது உண்மைதான், அதற்கும் ஆய்வு இருக்கிறது. ஆனால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய நகாசு வேலை. ஸ்குவாட் போட்டாலே கெண்டைக்கால் வந்துவிடும் என்று சொல்கிற மாஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொடைக்கு அது ராஜா, கெண்டைக்காலுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

பரம்பரை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பங்கு உண்மை உண்டு. நுனிக்காலில் நின்று, மேல் சதை எங்கே முடிந்து தசைநாண் தொடங்குகிறது என்று பாருங்கள். சிலருக்குச் சதை பாதி கால் வரை இறங்கியிருக்கும், சிலருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் வருவதற்குள் முடிந்துவிடும். இந்த நீளம் பிறவியிலேயே வந்தது. எந்தப் பயிற்சியும் இதை நீட்டாது. ஆனால் இருக்கிற நீளத்துக்குள் தடிமன் கூடும், எல்லோருக்கும் கூடும். அர்னால்ட் ஸ்வார்செனேகரின் இளமைக்காலத்தில் அவருடைய பலவீனமே கெண்டைக்கால்தான். ஜிம்முக்குப் போடும் பேண்ட்டை முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டு, அந்தக் குச்சிக் கால் எல்லோர் கண்ணிலும் படட்டும் என்றே பயிற்சி செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நம்மவர்கள் அந்த விஷயத்தில் உஷார். மேலே பனியன், கீழே கணுக்கால் வரை டிராக்.

வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்பார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு இரண்டில் தொடங்கி மூன்றுக்குக் கொண்டுபோகிறேன். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு செட். எட்டு முதல் பதினைந்து தடவைக்குள் சதை கைவிட வேண்டும், அதற்கேற்ற எடை. பயிற்சியின் கடைசியில், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் செய்யாமல், முதலிலேயே செய்துவிடுங்கள். வீட்டில் செய்கிறவர்கள் முதலில் இரண்டு காலில், சிரமமில்லாமல் இருபது வந்ததும் ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் பதினைந்து சுத்தமாக வந்த பிறகு ஒரு கையில் ஐந்து கிலோ. டம்பெல் இல்லாவிட்டால் தண்ணீர் கேன். சோலியஸுக்கும் ஏதாவது வேண்டுமென்றால் நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தின் முன்பகுதியை ஒரு செங்கல் மேல் வைத்து, தொடையில் பத்து கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டு செய்யலாம். என்னிடம் வரும் ஒரு அம்மா அப்படித்தான் செய்கிறார், சீரியல் பார்த்துக்கொண்டே. விளம்பரம் வந்தால் நிறுத்திவிடுவாராம்.

எடையைக் கூட்டுவதில் மட்டும் கஞ்சனாக இருங்கள். சதைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சில வாரங்களிலேயே பலம் ஏறுவது தெரியும். தசைநாண் அப்படி இல்லை, மாதக்கணக்கில்தான் உறுதிப்படும். சதை ‘இன்னும் கொடு’ என்று கேட்கும்போது தசைநாண் இன்னும் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். காலையில் குதிகாலுக்கு மேலே விறைப்பு, விரலால் பிடித்தால் வலி என்று தொடங்கினால் அது எச்சரிக்கை மணி. முழு ஓய்வு எடுக்கச் சொல்ல மாட்டேன். எடையைக் குறைத்து, மெதுவாக, தொடர்ந்து செய்வதே அதற்கும் மருந்து. அந்த மாணவருக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன். டங் டங் மட்டும் கூடாது.

முதல் நாளே ஆர்வக்கோளாறில் முந்நூறு நானூறு அடித்துவிட்டு, மறுநாள் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்து நடப்பவர்களுக்கு: இரண்டு மூன்று நாள் வலி சகஜம். ஆனால் சதை கல் போல வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சதை நைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் அளவுக்குப் புரதம், அது முட்டையோ மீனோ பருப்போ கொண்டைக்கடலையோ. காலில் எண்ணெய் ஊசி போட்டால் ஒரே வாரத்தில் ஏறிவிடும் என்று யாராவது சொன்னால், அந்த ஜிம்மையே மாற்றிவிடுங்கள். அது சதையை வளர்க்காது, சதைக்குள் எண்ணெயைத் தேக்கும். பின்னால் சீழ் பிடித்துக் கத்தி வைக்கும் நிலை வரலாம்.

பெரிய கெண்டைக்கால் எல்லாமே பலமான கெண்டைக்கால் என்றும் நினைக்க வேண்டாம். ஒரே ஒரு கால் மட்டும் சில நாட்களில் வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். அடைத்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நாலைந்து வயதுப் பையனுக்குக் கெண்டைக்கால் மட்டும் பயில்வான் போலத் திரண்டிருந்து, தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி எழுந்தால், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தசைச்சிதைவு நோயின் ஆரம்ப அடையாளம் அப்படித்தான் இருக்கும். தாத்தா மாதிரி கட்டுமஸ்தான கால் என்று கொஞ்சிக்கொண்டே ஒரு வருடத்தைத் தவறவிட்ட குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு மாத்திரை விஷயம். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாற்பத்தாறு வயதுக்காரர் ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடும்போது யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி இருந்ததாம். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக் கெண்டைச் சதையைப் பிசைந்தேன். வலது கால் பிசைந்தபோது பாதம் அசைந்தது. இடது கால் பிசைந்தபோது அசையவில்லை. தசைநாண் முழுசாக அறுந்திருந்தது. அதற்கு முந்தைய வாரம் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோதுதான் சொன்னார். வயிற்றுப்போக்குக்கு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசின். இந்த வகை ஆன்டிபயாடிக் தசைநாணை அறுக்கும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் உச்சபட்ச எச்சரிக்கையைப் போடச் சொன்னது. ஓஃப்ளாக்சசினும் லிவோஃப்ளாக்சசினும் இதே குடும்பம்தான். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். அவருக்கு அறுந்தது இதனால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என்னிடம் எடைப் பயிற்சி கேட்டு வருகிற எல்லோரிடமும் இப்போது முதல் கேள்வியே, கடந்த சில வாரங்களில் ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தீர்களா என்பதுதான். டாக்டர் தேவை என்று எழுதிக் கொடுத்தால் மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஜிம்மை நிறுத்திவையுங்கள், குதிகாலுக்கு மேலே லேசாக வலித்தாலும் அவரிடம் சொல்லுங்கள்.

அவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து, கட்டு பிரித்து, ஒற்றைக் காலில் முதல் தடவை குதிகாலைத் தூக்கியபோது ஏழாவது மாதம். தரையிலிருந்து ஒரு விரற்கடைதான் எழும்பியது, அதற்கே கண் கலங்கிவிட்டார். போன வாரம் டேப் வைத்து அளந்தோம். வலது கெண்டைக்கால் 37 சென்டிமீட்டர், இடது 35.5. வீட்டு வாசற்படியில் வாரம் மூன்று நாள் நின்றுகொண்டிருக்கிறார், குதிகால் அந்தரத்தில்.