யூரியாவைக் கீழே வையுங்கள், முதலில் மண்ணைக் குத்திப் பாருங்கள்

மாரி ஓய்ந்து மாசி பிறந்தால் போதும், புற்றரை வேலை செய்கிற என்னிடம் வருவது ஒரே கேள்விதான். "தம்பி, புல்லு திட்டுத்திட்டாச் செத்துப் போச்சு. எவ்வளவு யூரியா போட?" ஏன் செத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. போன கிழமை திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீடு. பங்குனியில் கலியாணம் என்று கொளுத்தும் மத்தியான வெயிலில் யூரியாவைக் கைப்பிடி கைப்பிடியாக விசிறியிருக்கிறார்கள். கருகிக் கிடந்த புல்லைப் பார்த்தே கை எங்கே எவ்வளவு எறிந்தது என்று சொல்லலாம். இனியும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

மஞ்சள் என்றாலே பசி என்று யார் சொன்னது? பசியில் வாடும் புற்றரை பெரும்பாலும் முழுவதுமாக, ஒரே சீராக வெளிறும். திட்டுத்திட்டாகப் போகிறது என்றால் அந்தத் திட்டில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. ஆறங்குல ஆணி ஒன்றை ஈர மண்ணில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பாதியிலேயே நின்றால், மார்கழி ஈரத்தில் வாகனத்தை ஏற்றி நிறுத்தி மண்ணை இறுக்கியிருக்கிறீர்கள். இல்லாவிட்டால் வீடு கட்டிய மேசன்மார் சீமெந்துக் கட்டியை அங்கே புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டாவதுதான் காரணமாக இருப்பதை நான் எத்தனையோ வளவில் கண்டிருக்கிறேன். புல்லைப் பிடித்துத் தூக்கும்போது பாயைப் போலச் சுருண்டு வந்தால் அடியில் வெண்புழு வேரைத் தின்கிறது. நடுவில் கருகி, சுற்றிக் கரும்பச்சை வளையம் இருந்தால் அது உங்கள் நாயின் மூத்திரம். அதில் இருப்பதும் யூரியாதான். தழைச்சத்து (நைதரசன்) கூடிப்போய்க் கருகிய இடத்தில் இன்னும் யூரியா கொட்டுகிறவரை என்னவென்று சொல்ல?

நிலாவெளிப் பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உவர்த்தால், பசளைப் பையைத் திறக்கவே வேண்டாம். உப்பில் தவிக்கும் வேருக்கு அதுவும் உப்பைப் போலத்தான். அந்த வளவுக்கு அகன்ற இலையுள்ள மலேசியன் புல் சரிவராது, அருகம்புல்தான் நிற்கும். மாமர நிழலில் அருகு மெலிந்து போகும், அங்கே மலேசியன் புல் நிற்கும். பள்ளம் நிரப்பக் கடற்கரை மணலை அள்ளி வருகிறவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை.

அடுத்தது யூடியூப். ஏப்ரலில் பசளை போடு என்று இங்கிலாந்துக்காரர் சொல்வது அவருடைய மண் அப்போதுதான் குளிர் விட்டுச் சூடாவதால். நமக்கு ஏப்ரல் என்றால் சித்திரை வெயில், அதன் பின்னால் தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று. நம் புல்லுக்கு இளவேனில் இரண்டு முறை வருகிறது: மாரி முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும் தை, மாசி, முதல் மழை விழும் ஐப்பசி. லண்டனில் இருந்து மாமா அனுப்பிய பசளைப் பைக்கட்டையும் என்னிடம் காட்ட வேண்டாம். அதில் களைக்கும் பாசிக்குமான மருந்து கலந்திருக்கிறது. இந்த வெயிலில் நமக்குப் பாசியா பிரச்சினை?

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. இறுகிய இடத்தில் தோட்ட முட்கரண்டியாலோ அலவாங்காலோ நெருக்கமாகக் குத்துங்கள். கல், சீமெந்து வந்தால் கிளறி எடுங்கள். அரித்த கூட்டெருவை ஆற்று மணலோடு கலந்து, புல் நுனி தெரியும்படி மெல்லத் தூவுங்கள். வெறுமையான இடத்தில் ஓரத்துப் புல்லையே பிடுங்கி நான்கு அங்குல இடைவெளியில் நட்டால் போதும், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஒட்ட வெட்டாதீர்கள், ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. தண்ணீரை விடியலில், நாள் விட்டு நாள், ஆழமாக ஊற விடுங்கள். தினமும் ஹோஸ் பைப்பால் முகம் கழுவி விடுவதில் புல்லுக்கு ஒன்றுமில்லை.

புதுத் தளிர் வந்த பிறகுதான் யூரியா. அதில் 46 சதவீதம் நைதரசன். நம் மணல் மண்ணுக்கு ஒரு பேர்ச்சுக்கு, அதாவது சுமார் 25 சதுர மீட்டருக்கு, 125 கிராம் தாராளம். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை போட்ட காலத்துக்குப் பிறகு, கையில் கிடைத்ததை முழுக்கப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் ஆட்களிடம் ஊறிவிட்டது. மிச்சத்தை வையுங்கள், ஐந்தாறு கிழமை கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். உலர்ந்த மணலோடு கலந்து, இலை காய்ந்திருக்கும் பின்னேரத்தில், பாதியை நீளவாட்டிலும் பாதியைக் குறுக்காகவும் தூவி உடனே தண்ணீர் விடுங்கள். ஆடியில் அருகு காய்ந்து கிடந்தால் விட்டுவிடுங்கள். ஐப்பசியில் தானே எழும்பும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கோட்டைப் பக்கத்து மான்கள் ரவுனுக்குள் எந்த வளவிலும் நுழையும் என்பது உங்களுக்குத் தெரியும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போல மானுக்கும் யூரியா நஞ்சு. யூரியா கரைத்த வாளியை முற்றத்தில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். தூவிய அன்று கேற்றைச் சாத்தி வையுங்கள், பையை இறுக்கிக் கட்டி அறைக்குள் வையுங்கள்.