ராஜினாமா தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நான். என்னைத் தேடி வரும் பெண்கள் பலரின் கையில் ஒரே மாதிரியான தாள் இருக்கும்: "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்." எழுதிய தேதியைப் பார்த்தால் அவர்களுக்கு அப்போது ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோ நடந்திருக்கும்.

கர்ப்பிணி என்பதால் நிறுத்தினோம் என்று எந்த நிறுவனமும் எழுதித் தராது. "பிரசவம் முடிஞ்சு வாம்மா, பார்த்துக்கலாம்" என்று இதமாகப் பேசித்தான் தாளை நீட்டுவார்கள். கையெழுத்து விழுந்துவிட்டால், அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் பாரம் அந்தப் பெண்ணின் தலையில் ஏறிவிடுகிறது.

பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தத்துக்கு முன் இது 12 வாரமாக இருந்தது. அந்த விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவதும், அவருடைய பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். "நான் காண்ட்ராக்ட்தானே மேடம்" என்று தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் இல்லாத இடங்களில் அந்த 26 வாரச் சம்பளத்தையும் நிறுவனமே தர வேண்டியிருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கு இது உண்மையிலேயே சுமைதான். அரசு ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்பது என் கருத்தும்கூட. அதற்காக ஒரு பெண்ணின் பிழைப்பில் கைவைப்பதை ஏற்க முடியாது.

கர்ப்பமாக இருப்பதை மேலாளரிடம் வாய்வார்த்தையாகச் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். தாளை நீட்டினால், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? சரி, நாள் கடத்தாமல், அது விரும்பிப் போட்டதல்ல என்று எழுதி அனுப்புங்கள்.

கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண் அப்படித்தான் தாளை என்னிடம் கொண்டுவந்தார். நாங்கள் அனுப்பிய ஒரே கடிதத்தில் விடுப்பு கிடைத்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்பினார். அந்த வருடச் சம்பள உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் இல்லை. இரண்டாவது கடிதத்தை இந்த வாரம் அனுப்புகிறோம்.