ப்ராஜெக்டை விலைக்கு வாங்காதீர்கள்: கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் எல்லையோரப் பிள்ளைகளுக்கு

கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்முகத் தேர்வில் உட்காருவதும் என் வேலைதான். சொந்த ஊர் கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்பதால், ரெஸ்யூமேயில் சித்தூர், வேலந்தாவளம், வாளையார் என்று பார்த்தாலே இந்தப் பிள்ளை தேறிவிட வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்து, தினமும் எல்லை தாண்டிப் போய்ப் படித்தவர்கள். அவர்களில் பலர் தடுமாறும் இடம் ஒன்றுதான்: ரெஸ்யூமேயில் தாங்களே எழுதியிருக்கும் ப்ராஜெக்ட்.

வருகைப் பதிவுச் செயலி என்று போட்டிருக்கும். “ஒரே வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் பதிவு போட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டால் பதில் வராது. டேட்டாபேஸில் எத்தனை டேபிள் என்று கேட்டாலும் வராது. கல்லூரிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியது என்று அதற்குள் புரிந்துவிடும். கோடு, ரிப்போர்ட், பிபிடி, வைவாவுக்கான கேள்வி பதில் எல்லாம் சேர்த்தே தருகிறார்கள். கல்விக்கடன் எடுத்துப் படிக்க வைக்கும் வீட்டில் இதற்கும் ஒரு தொகை புரட்ட வேண்டியிருக்கிறது. பணம் போனதைக்கூட விடுங்கள். நீங்களாக ஒன்றைக் கட்டிப் பார்க்க, அதில் தப்பு செய்ய, போய் கைடிடம் கேட்க என்று கல்லூரியே நேரம் ஒதுக்கித் தருவது அந்தக் கடைசி வருடத்தில்தான். வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்படி ஒரு நேரம் கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.

சரி, எதைச் செய்வது? நம் பக்கத்துப் பால் சொசைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் பால் அளக்கிறார்கள், கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து விலை போடுகிறார்கள், பிறகு பட்டுவாடா. இதற்கு ஒரு கணக்குச் செயலி எழுதுவது கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். எழுத உட்கார்ந்தால் படித்த பாடமெல்லாம் ஒவ்வொன்றாக எதிரே வந்து நிற்கும்.

முருகேசன் என்ற பெயரில் மூன்று உறுப்பினர்கள் இருப்பார்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்தாலும் பத்தாது, பாலக்காட்டிலும் ஒரு சித்தூர், ஆந்திராவிலும் ஒரு சித்தூர். பெயரை ஏன் பிரைமரி கீயாக, அதாவது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாக, வைக்கக் கூடாது என்பது அப்போது விளங்கும். அளந்த பாலைப் பதிவு செய்தாயிற்று, உறுப்பினரின் பாக்கித் தொகையைக் கூட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது என்றால்? இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கக் கூடாது. தேர்வுக்கு மனப்பாடம் செய்த டிரான்ஸாக்‌ஷன் இதுதான். ரூபாயை ஃப்ளோட்டாக, அதாவது தசமப் புள்ளி எண்ணாக, வைத்திருந்தால், பைத்தான் மொழியில் 0.1 + 0.2 அடித்துப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். 0.1-ஐ, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட பைனரியில் முழுதாக எழுத முடியாது என்பதால் வரும் வினை. பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

ரசீதில் பெயரைத் தமிழில் அச்சிட்டால் இன்னும் ஒரு பாடம் காத்திருக்கிறது. ‘பாலக்காடு’ நமக்கு ஐந்து எழுத்து. நீளத்தை எண்ணும் பைத்தானின் லென் 9 என்று சொல்லும். யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் அதுவே 27 பைட். எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் துணையெழுத்தும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், பெயரை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் மெய்யெழுத்தின் புள்ளி கழன்றுவிடும். இதைச் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லும் பிள்ளையிடம் நான் மார்க் ஷீட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

சிலபஸ் பழசாகிவிட்டது என்ற பேச்சை நம்பி ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்) வகுப்புகளைக் கொஸ்டின் பேங்கை வைத்து ஒப்பேற்றாதீர்கள். தகவலை டேபிள்களாக அடுக்கும் ரிலேஷனல் மாடலை எட்கர் காட் வெளியிட்டது 1970-இல், மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ராவின் குறும்பாதை அல்காரிதம் 1959-இல். இரண்டும் இன்றைக்கும் அன்றாட வேலையில் இருக்கின்றன. புது ஃப்ரேம்வொர்க்கை வேலைக்கு வந்த பிறகும் கற்றுக்கொள்ளலாம். உட்கார்ந்து அடிப்படையைப் படிக்கத்தான் அப்புறம் நேரம் அமையாது. வகுப்பில் புரியாத பாடத்துக்கு, ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் வீடியோக்கள் இலவசம்.

கேரளத்துப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஐடி பாடத்தை க்னூ/லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் படித்தவர்கள் நீங்கள். கல்லூரிக்கு வந்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். உலகத்து சர்வர்களில் பெரும்பகுதி ஓடுவது லினக்ஸில்தான், அதை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கியது ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது. கட்டளை அடித்து வேலை வாங்கும் டெர்மினலை விடாதீர்கள். முதல் வருட லேப் ப்ரோகிராமிலிருந்தே எல்லாவற்றையும் கிட்டில் (Git, கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) போட்டு வையுங்கள். அதைத் திறந்து பார்த்தால் நீங்கள் வளர்ந்த விதம் எங்களுக்குத் தெரியும்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலம் வராது என்று வகுப்பில் வாயே திறப்பதில்லை. ஸ்டாக்குக்கும் கியூவுக்கும் என்ன வித்தியாசம் என்று முதலில் நண்பனுக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அங்கே தடுமாறினால் பாடம் புரியவில்லை. அங்கே சரளமாக வந்தால், ஆங்கிலத்தில் சொல்வது பழக்கத்தில் வந்துவிடும்.

ஏஐ-யிடம் கோடு கேட்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. நீங்கள் எழுதிப் பார்த்த பிறகு, எங்கே தவறு என்று கேளுங்கள், நல்ல வாத்தியார் மாதிரி உதவும். முதலிலேயே முழுதாக எழுதி வாங்கினால் ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம், பெற்றோரும் இதைப் படித்தால் நல்லது. இன்டர்ன்ஷிப் சான்றிதழை மட்டும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே என்ன செய்தாய் என்று நாங்கள் கேட்கும் முதல் கேள்விக்கே அந்தத் தாள் உதவாது. டெபாசிட் கட்டினால்தான் ஆஃபர் லெட்டர் என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஆன்லைனில் அனுப்பி ஏமாந்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அனுப்பிய விவரத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.