கால் சுடுகிறதா? மேட் ஒட்டும் முன் ஓட்டையைத் தேடுங்கள்

இங்கிலாந்தில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைச் சரிசெய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். கோடை பிறந்தாலே ஒரே புகார்தான்: "உள்ளே உட்கார முடியவில்லை, கால் வேகிறது."

போன ஜூலையில் 1972 மாடல் எம்ஜிபி ஒன்று வந்தது, கூரையை மடக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய கார். இடது பக்க ஸ்டீயரிங்கை வலது பக்கம் மாற்றியிருந்தார்கள். உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கார்பெட்டுக்கு அடியில் ஏற்கனவே இரண்டு அடுக்கு வெப்பத் தடுப்பு மேட் ஒட்டியிருந்தார். மூன்றாவதாக இன்னும் நல்லது ஒன்று வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார்: பக்கத்தில் உட்காரும் மனைவிக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடுகிறதாம், வெயில் சேரவில்லை போலிருக்கிறதாம்.

"மேல் கூரையை மூடிக்கொண்டு போனாலும் வருமா?" என்று கேட்டேன்.

"மூடினால்தான் அதிகம்" என்றார்.

வெயிலால் வரும் தலைவலி கூரையை மூடினால் குறைய வேண்டும். மேட் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

எம்ஜிபி இன்ஜினில் கார்புரேட்டரும், சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இரண்டுமே இடது பக்கம். வலது பக்க ஸ்டீயரிங் காரில் அது பக்கத்தில் உட்காருபவரின் காலுக்கு நேர் எதிரே வருகிறது. நடுவில் இருப்பது ஒரு தகரச் சுவர். அந்தச் சுவரில் ஹீட்டர் குழாய், ஸ்பீடோமீட்டர் கேபிள், சோக் கேபிள், ஒயர் கட்டு, ஸ்டீயரிங் தண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை உண்டு. ஐம்பது வருடத்தில் அவற்றின் ரப்பர் வளையங்கள் காய்ந்து உதிர்ந்திருக்கும். யாரோ எப்போதோ ரேடியோவுக்குப் போட்ட துளையும் அப்படியே திறந்து கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். இருட்டியபின் கார்பெட்டை எடுத்துவிட்டு, இன்ஜின் அறையில் ஒரு பிரகாசமான விளக்கை வைத்துப் பானட்டை இறக்குங்கள். பிறகு உள்ளே குனிந்து கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். அந்த எம்ஜிபியில் ஒன்பது இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. எட்டு, பட்டாணி அளவு. ஒன்பதாவது என் கை முஷ்டி போகிற அளவு! ஸ்டீயரிங்கை மாற்றியபோது பழைய தண்டு போன ஓட்டையை மூடாமல் விட்டிருக்கிறார்கள். மேலே ஒட்டிய மேட், சூட்டில் பசை இளகித் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் மேனிஃபோல்டைப் பார்த்தோம். கீழே இறங்கும் இரண்டு குழாய்களையும் பித்தளை நட்டுகள் பிடித்திருக்கும். அவற்றில் இரண்டு தளர்ந்து, இணைப்பில் கசியாமல் வைக்கும் கேஸ்கட்டின் ஓரத்தில் கறுப்பாகப் புகைக்கோடு படிந்திருந்தது. அந்த அம்மாவின் தலைவலிக்குக் காரணம் அதுதான்: கார்பன் மோனாக்சைடு.

இதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். சூடான காற்று வருகிற ஓட்டை வழியாகப் புகையும் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் எனத்தான் ஆரம்பிக்கும். கூரையை மூடி ஓடும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, இன்ஜின் பக்கத்துக் காற்றை வண்டியே இழுத்துக்கொள்ளும். டிக்கி ரப்பர் பழுதாகியிருந்தால் பின்னால் இருந்தும் புகை நுழையும். கேரவனிலும் படகிலும் வைக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிக் காரில் வையுங்கள். எண் காட்டும் திரை உள்ளதாக வாங்குங்கள். காற்றில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் அலாரம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கத்தும், 300 இருந்தால் 3 நிமிடத்துக்குள் கத்தும். அதுவரை திரைதான் உங்களுக்குச் சொல்லும்.

ஓட்டைகளை அடைத்த பிறகும் சூடு இருந்தால் ஹீட்டர் வால்வைப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் இருக்கும் சின்னச் சாமான் அது. கேபிள் தளர்ந்தாலோ வால்வு தேய்ந்தாலோ, ஹீட்டரை அணைத்த பின்னும் 80 டிகிரி வெந்நீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டி ஓடி நின்றதும், வால்வுக்கும் ஹீட்டருக்கும் இடையே உள்ள ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், விசிறியில் மட்டும் கை படாமல். பிடிக்க முடியாத சூடு என்றால் வால்வு மூடவில்லை. அடுத்தது இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். அது பின்தங்கியிருந்தால் சிலிண்டருக்குள் வேலை செய்ய வேண்டிய சூடு மேனிஃபோல்டுக்குப் போய்விடும். மேட் எத்தனை போட்டாலும் பயனில்லை.

இதெல்லாம் சரி என்றால்தான் தடுப்புக்கு வர வேண்டும். மேனிஃபோல்டில் துணி மாதிரிச் சுற்றும் நாடாவை நான் சிபாரிசு செய்வதில்லை. ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்புக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும். இன்ஜினின் மேல் மூடியான வால்வு கவரிலிருந்து ஒழுகும் எண்ணெயை அது உறிஞ்சினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. செலவானாலும் செராமிக் பூச்சுதான் நல்லது. கேபினின் அடிப்பக்கத்தில் அலுமினியத் தகடு வைப்பதானால் தரையோடு ஒட்டவே கூடாது, விரல் அகலம் இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். அந்த இடைவெளிக் காற்றுதான் பாதி வேலையைச் செய்கிறது. உள்ளே போடுவது தண்ணீர் குடிக்காத ஃபோமாக இருக்கட்டும். பழைய சணல் ஃபெல்ட் மழைநீரைப் பிடித்து வைத்துத் தரையையே தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கார்களில், முக்கியமாக ஆஸ்டின்-ஹீலி போன்றவற்றில், கால் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் அட்டை மாதிரி இருந்தால் கை வைக்காதீர்கள், அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பிரிட்டனில் 1999 வரை முழுத் தடை இல்லை. உளியால் சுரண்டுவதும் வாக்யூம் போடுவதும் கூடாது. முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அந்த எம்ஜிபிக்கு ஒரு தகடு வெட்டி ஓட்டையை மூடினோம், கேஸ்கட்டும் ஆறு நட்டும் புதிதாகப் போட்டோம். வளையங்களை மாற்றினோம். பழைய மேட்டில் ஒரு அடுக்கை உரித்து எடுத்தோம், ஒன்றே போதுமானதாக இருந்தது. கூரையை மூடி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், திரையில் சுழியம். இருக்கைகளுக்கு நடுவே உள்ள கியர்பாக்ஸ் டனல் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அது அந்தக் காரின் சுபாவம். அந்த அம்மா செப்டம்பரில் கடற்கரைக்குப் போய் வந்தார்களாம், தலைவலி இல்லாமல்.