கேம்பிட்: விட்டுப் பிடிக்கும் ஆட்டம்

2024 டிசம்பரில் குகேஷ் இங்கே சிங்கப்பூரின் சென்டோசாவில் டிங் லிரனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். நம் பிள்ளைகள் சமூக மன்றத்திலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் சதுரங்கத்தைப் பற்றித் தமிழில் பேசினால் எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்தப் பேச்சில் தமிழாகாமல் நிற்கும் சொல் ‘கேம்பிட்’.

ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு காயை, பெரும்பாலும் ஒரு காலாளை, எதிராளி வெட்டட்டும் என்று வேண்டுமென்றே கொடுப்பதுதான் கேம்பிட். அவர் வெட்டி முடிப்பதற்குள் நம் குதிரையும் பிஷப்பும் வெளியே வந்துவிட வேண்டும்.

இத்தாலிய மொழியில் ‘காம்பா’ என்றால் கால். மல்யுத்தத்தில் எதிராளியின் காலை இடறி விழவைப்பது ‘காம்பெட்டோ’. ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561இல் வெளியிட்ட சதுரங்க நூலில் இந்தச் சொல்லைத் தொடக்க ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். நம்மிடமும் ‘காலை வாருதல்’ இருக்கிறது. ஆனால் அதில் துரோகத்தின் வாடை ஏறிவிட்டது, இங்கே பொருந்தாது.

‘பலியாட்டம்’ என்று சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. நடு ஆட்டத்தில் ராணியைக் கொடுத்து மேட் போடுவதும், அதாவது எதிராளியின் ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்குவதும், பலிதான். கேம்பிட்டில் கொடுத்ததற்கு ஈடாக ஒன்றைப் பிடித்தாக வேண்டும். விட்டுப் பிடிப்பது என்று நாம் அன்றாடம் சொல்வது இதைத்தானே? அதனால் ‘விட்டுப்பிடி’ என்பதே என் தேர்வு. குவீன்ஸ் கேம்பிட்டை ராணி விட்டுப்பிடி, கிங்ஸ் கேம்பிட்டை ராஜா விட்டுப்பிடி என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் உட்காரும்.

சரி, விட்டதைப் பிடிக்க முடியாவிட்டால்? அதைத் ‘தேறாத விட்டுப்பிடி’ எனலாம். ராணி விட்டுப்பிடி தேறும்; வெட்டிய காலாளைக் கறுப்பு கடைசிவரை காப்பாற்றிக்கொள்வது கடினம். ராஜா விட்டுப்பிடியில் வழக்கு நீண்டது. 1960இல் சோவியத் வீரர் ஸ்பாஸ்கியிடம் அதில் தோற்ற அமெரிக்க வீரர் பாபி ஃபிஷர், அது செல்லாது என்று மறு ஆண்டே கட்டுரை எழுதினார். அப்புறம் அவரே வெள்ளையில் அதை ஆடி வென்றும் காட்டினார்!

எங்லுண்ட் கேம்பிட்டுக்கு அந்தச் சந்தேகமே வேண்டாம், தேறாது. வெள்ளை ராணிக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளியதும், கறுப்பு தன் ராஜாவுக்கு முன்னுள்ள காலாளை அதன் வாயில் கொண்டுபோய் வைக்கிறது. பிறகு கறுப்பு ராணி ஓடிவந்து ராஜாவுக்குச் செக் வைத்து, ஓரத்துக் காலாளுக்குப் பக்கத்துக் காலாளை வெட்டுகிறது. அந்த ராணியைத் துரத்தும் ஆசையில் வெள்ளை ஆறாவது நகர்வில் பிஷப்பை சி3 கட்டத்தில் (தன் இடப்பக்கமிருந்து மூன்றாம் வரிசையின் மூன்றாம் கட்டம்) வைத்தால், எட்டாவது நகர்விலேயே மேட் ஆகிவிடலாம். மூன்று நிமிட ஆட்டத்தில் இப்படி விழுபவர்கள் ஏராளம். ஆனால் போட்டியில், யோசிக்க நேரமுள்ள எதிராளியிடம் இதை ஆட வேண்டாம் என்றே பிள்ளைகளுக்குச் சொல்வேன். அவர் அதே சி3 கட்டத்தில் பிஷப்புக்குப் பதில் குதிரையை வைத்தால் போதும். மேட் இல்லை, கறுப்பு ராணி வெள்ளைக் காய்களுக்கு நடுவே தனியாக அலையும், வெள்ளையின் கை தெளிவாக ஓங்கிவிடும்.